கேட்பவர் ஒருவர்

நகல் பெரிதா, செப்பம் செய்த பிரதி பெரிதா என்ற கேள்வி எழுத்துத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் புதிதல்ல. பென்சிலால் கிறுக்கி வைத்த முதல் பிரதியில் இருந்த உயிர், மூன்றாம் முறை எழுதும்போது எங்கோ நழுவிப் போய்விட்டது என்று அங்கலாய்க்காத எழுத்தாளன் கிடையாது. ஆனால் அதே எழுத்தாளனிடம், "அந்த முதல் பிரதியையே பத்திரிகைக்கு அனுப்பிவிடேன்" என்று சொல்லிப் பாருங்கள்; அனுப்ப மாட்டான். அப்படி முதல் பிரதியையே உலகத்தின் முன்னால் வைத்துவிட்ட ஒருவரைப் பற்றி இந்தத் தடவை எழுதலாம் என்று பார்க்கிறேன். அவர் எழுத்தாளர் அல்ல, அமெரிக்கப் பாடகர். அவர் வெளியிட்டதும் புஸ்தகம் அல்ல, இசைத்தட்டு. ஆனாலும் சிறுகதை படிக்கிறவர்களுக்கு இதில் விஷயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பு 1982-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி வெளிவந்தது. பத்துப் பாட்டுகள், மொத்தம் 41 நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குரல் ஒன்றுதான். கிதார், மௌத் ஆர்கன், அங்கங்கே மாண்டலின், இன்னும் இரண்டொரு சில்லறை வாத்தியங்கள். எல்லாவற்றையும் வாசித்தவரும் அவரேதான். நியூ ஜெர்சி மாகாணத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் படுக்கையறையில், கையால் தூக்கிப் போகக்கூடிய ஒரு காஸெட் யந்திரத்தில் அவற்றைப் பதிவு செய்தார். தம்முடைய வாத்தியக் கோஷ்டிக்குப் பாட்டுக்களைக் கற்றுக்கொடுப்பதற்காகச் செய்த நகல் அது. கடைசியில் நகலே நூலாகிவிட்டது.

இதைச் சிறுகதை வாசகர்களுக்குச் சிபாரிசு செய்யக் காரணம், பாட்டுகளில் பெரும்பாலானவை கதைகள் என்பதுதான். தலைப்புப் பாட்டு நடந்த சம்பவம். 1957 டிசம்பரிலும் 1958 ஜனவரியிலுமாகப் பதினொரு பேரைக் கொன்றான் சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற பத்தொன்பது வயது இளைஞன். கூடவே இருந்தவள் பதினாலு வயதுப் பெண் காரில் ஆன் ஃபியூகேட். அவனை 1959-ல் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இதே சம்பவத்தை அடிப்படையாக வைத்து டெரன்ஸ் மாலிக் 1973-ல் 'பாட்லாண்ட்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். அந்தப் படம்தான் ஸ்பிரிங்ஸ்டீனுக்குப் பொறி. பாட்டில் பேசுகிறவன் கொலைகாரனேதான். இன்னொரு பாட்டில், கார்த் தொழிற்சாலை மூடப்பட்டு வேலை போனவன் குடித்துவிட்டு ஒருவனைச் சுட்டுவிடுகிறான்; 99 வருஷம் தண்டனை; அதைவிடக் கொன்றே போட்டுவிடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்கிறான். 'ஹைவே பாட்ரோல்மன்' என்ற பாட்டில் அண்ணன் போலீஸ்காரன், தம்பி போக்கிரி. ஒரு ராத்திரி தம்பி தப்பி ஓடும் காரைத் துரத்திக்கொண்டு போகிற அண்ணன், கனடா எல்லைக்கு இந்தப் பக்கமே வண்டியை ஓரம் கட்டிவிட்டு, தம்பியின் பின்விளக்குகள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நம் பத்திரிகைகளில் பத்துப் பக்கம் வரக்கூடிய கதை. இங்கே ஐந்தே முக்கால் நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஷான் பென் இதை 1991-ல் முழுநீளப் படமாக எடுத்தார். கதைக்கு அந்த நீளம் தாங்கியது.

அந்தக் காலத்தில் தாம் ஃப்ளானரி ஓ'கானரின் சிறுகதைகளைப் படித்துக்கொண்டிருந்ததாக ஸ்பிரிங்ஸ்டீன் சொல்லியிருக்கிறார். கேட்டால் தெரிகிறது. ஓ'கானரின் மிகப் பிரபலமான கதையில் ஒரு குடும்பத்தையே சுட்டுத் தீர்க்கிற கொலைகாரன், பேச்சில் மட்டும் மரியாதை தவறுவதில்லை. அந்த மரியாதைதான் வாசகனை நடுங்க வைக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதலில் யந்திரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டியாக் கம்பெனி 1979-ல் கொண்டுவந்த 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற யந்திரம் அது. பாடகரின் கிதார்களைக் கவனித்துக்கொண்டிருந்த மைக் பாட்லன் என்ற உதவியாளர் அதை வாங்கிக் கொடுத்தார். காரணம் சிக்கனம்தான். அதுவரை ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டை ஸ்டூடியோவுக்குப் போய், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, கோஷ்டியை உட்கார வைத்துக்கொண்டே எழுதிப் பழகியிருந்தார். மாதக்கணக்கில் பணம் கரைந்தது. பாட்டு தேறுமா தேறாதா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொண்டுவிடலாமே என்பதுதான் யோசனை.

நாம் எல்லோரும் வீட்டில் வைத்திருந்த காஸெட்டில் ஓடுவது 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள டேப். அதன் மேல் குறுக்குவாட்டில் நான்கு கோடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' பக்கத்துக்கு இடது, வலது என்று இரண்டு. காஸெட்டைத் திருப்பிப் போட்டால் 'பி' பக்கத்துக்கு இரண்டு. போர்ட்டாஸ்டூடியோ செய்த வேலை என்னவென்றால், நான்கு கோடுகளையும் ஒரே திசையில் ஓடும் நான்கு டிராக்குகளாக ஆக்கியதுதான். ஆகையால் அந்தக் காஸெட்டுக்குத் திருப்பிப் போடும் பக்கமே இல்லை. ஒலி தெளிவாக இருக்கவேண்டும் என்று ஓடும் வேகத்தையும் இரட்டிப்பாக்கினார்கள். சாதாரண காஸெட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது, இது ஒன்பதரை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 90 நிமிஷக் காஸெட்டில் உங்களுக்குக் கிடைப்பது இருபத்திரண்டரை நிமிஷம். இதில் பதிந்ததை எடுத்துப்போய் வீட்டு டேப்ரிக்கார்டரில் போட்டால், இரண்டு டிராக் மட்டும் பாதி வேகத்தில் கும்பகர்ணன் பேசுவது போலக் கேட்கும். திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னாலிருந்து முன்னால் ஓடும்.

இந்த ரகத்தில் சற்றுப் பிற்காலத்து யந்திரம் ஒன்று என்னிடம் இருக்கிறது. நாவலின் சம்பாஷணைகளை உரக்கப் படித்துப் பதிவு செய்து கேட்பது என் பழக்கம். புருஷன் பேச்சு ஒரு டிராக்கில், மனைவி பேச்சு இன்னொன்றில், மாமியார் மூன்றாவதில். ஹெட்ஃபோனில் புருஷன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மனைவியாகப் பதில் சொல்லவேண்டும். யார் பேச்சு மிதமிஞ்சிப் போகிறது என்பது காகிதத்தில் தெரியாது, இதில் தெரிந்துவிடும். ஒருவர் டிராக்கின் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு மற்றவரை மட்டும் கேட்டால், அவர் பேச்சுக்குச் சொந்தமாக அர்த்தம் இருக்கிறதா, எதிராளிக்குப் பதில் சொல்வதற்காகவே பிறந்த பேச்சா என்பதும் வெளிச்சமாகிவிடும். வீட்டில் இதைக் கேட்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நாலு டிராக்கும் நிரம்பிவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு வழி உண்டு. மூன்று டிராக்கில் இருப்பதைக் கலந்து நாலாவதில் ஏற்றிவிட்டு, மூன்றையும் அழித்துப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் கலந்தது கலந்ததுதான். பிற்பாடு மாமியார் குரலைச் சற்று இறக்கலாம் என்றால் முடியாது. பாலில் விட்ட தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் ஒலியின் கூர்மை மழுங்கி, டேப்பின் இரைச்சல் கூடும். ஆகவே இந்த யந்திரத்தில் வேலை செய்கிறவன் எது முக்கியம், எது பின்னணி என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானித்தாக வேண்டும். பெரிய ஸ்டூடியோவில் இருபத்துநாலு டிராக் இருக்கும். தீர்மானத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம். தள்ளிப்போட வசதி இருக்கிறவர்கள் தள்ளித்தான் போடுவார்கள், நாவலாசிரியர்கள் உட்பட.

யந்திரத்தைப் பராமரிப்பது பூஜை மாதிரி நியமமாகச் செய்யவேண்டிய காரியம். டேப்பின் மேல் பூசியிருக்கும் இரும்புத் துரு போன்ற பொடி, ஓட ஓட உதிர்ந்து ஹெட்டின் மேல் படியும். மெல்லிய குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்தால் பஞ்சு காப்பிக்கொட்டை நிறத்தில் வரும். பஞ்சு வெள்ளையாக வரும் வரை துடைக்கவேண்டும். டேப்பை இழுக்கும் எஃகுத் தண்டையும் அப்படியே. ஆனால் அதோடு ஒட்டிச் சுழலும் ரப்பர் உருளைக்கு அடிக்கடி ஆல்கஹால் ஆகாது, ரப்பர் இறுகிப்போகும். அதற்கு லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஹெட்டில் நாளடைவில் ஏறும் காந்தத்தை எடுக்க ஒரு கருவி உண்டு. யந்திரத்தை அணைத்துவிட்டு, அந்தக் கருவியை எட்டத்தில் வைத்தே சுவிட்சைப் போட்டு, மெள்ளக் கிட்டே கொண்டுபோய், மெள்ளவே விலக்கி, எட்டத்துக்கு வந்த பிறகுதான் அணைக்கவேண்டும். கிட்டத்தில் வைத்து அணைத்தால் இருந்த காந்தத்தைவிட அதிகமாக ஏறிவிடும். பதிவு செய்த காஸெட்டுகள் பக்கத்து மேஜையில்கூட இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் 'பிளே' பட்டனை அழுத்தியபடியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. உருளையில் பள்ளம் விழுந்து, அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டு ஒரு தடவை விக்கும்.

ரிச்சி தெருவில் எனக்கு பெல்ட் மாற்றிக் கொடுத்த மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "பாட்டு மங்கலா இருந்தா பாடினவரைச் சந்தேகப்படாதீங்க சார். மொதல்ல ஹெட்டைச் சந்தேகப்படுங்க." இதை நம் விமரிசகர்கள் சிலரின் மேஜையில் எழுதி ஒட்டலாம்.

கோல்ட்ஸ் நெக் வீட்டில் இந்த நியமங்கள் எதையும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 1981 டிசம்பரிலிருந்து 1982 ஜனவரி முதல் வாரம் வரை, ஷ்யூர் கம்பெனியின் சாதாரண மைக் இரண்டை நட்டு, குரலையும் கிதாரையும் பதிந்தார்கள். மிச்சமிருந்த டிராக்குகளில் இன்னொரு குரல், மாண்டலின், கஞ்சிரா மாதிரி ஒன்று. பிறகு எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிப் பெட்டி வழியாக எல்லாவற்றையும் கலந்து, பானசோனிக் டேப்ரிக்கார்டர் ஒன்றில் இறக்கினார்கள். அந்த டேப்ரிக்கார்டர் முன்பு ஒரு படகுச் சவாரியில் தண்ணீரில் விழுந்து, செத்துப் போய், தானாகவே உயிர் வந்தது! அதிலிருந்து வெளிவந்த காஸெட்டை, மேலுறைகூட இல்லாமல், பாடகர் வாரக்கணக்கில் தம் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

அந்த வசந்தத்தில் நியூயார்க்கில் 'பவர் ஸ்டேஷன்' என்ற பெரிய ஸ்டூடியோவுக்குப் போய், கோஷ்டியோடு அதே பாட்டுகளை முறையாகப் பதிய உட்கார்ந்தார்கள். சரிப்படவில்லை. தனியாகப் பாடியும் பார்த்தார்; அதுவும் சரிப்படவில்லை. பையிலிருந்த காஸெட்டில் இருப்பது இங்கே வரமாட்டேன் என்கிறது. கடைசியில் காஸெட்டையே வெளியிடுவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் பராமரிக்காத குற்றத்துக்கு அபராதம் கட்ட நேர்ந்தது. அந்த மங்கலான காஸெட்டிலிருந்து ஒழுங்கான இசைத்தட்டு வெட்ட முடியாமல் பல இடங்களில் முயன்று தோற்றார்கள். தட்டே வேண்டாம், காஸெட்டாக மட்டும் வெளியிட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். எப்படியோ ஒரு வழியாக வெட்டி முடித்தார்கள். விளம்பரச் சுற்றுப்பயணம் எதுவும் செய்யாமலே அமெரிக்க விற்பனைப் பட்டியலில் மூன்றாவது இடம் வரை போயிற்று.

இதை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக ஒரு கட்சி கட்டப்பட்டிருக்கிறது. மலிவான யந்திரம், இரைச்சல், அழுக்கு ஹெட், அதனால் உண்மை என்கிற கட்சி. கரடுமுரடாக இருப்பதெல்லாம் சத்தியம், வழவழப்பாக இருப்பதெல்லாம் பொய் என்கிறது அது. நம் இலக்கியத்திலும் இந்த வாதம் அடிக்கடி தலைகாட்டுகிறது. இலக்கணப் பிழையையே யதார்த்தம் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. ஹெட்டைத் துடைத்திருந்தால் 'நெப்ராஸ்கா' இன்னும் நன்றாகவே இருந்திருக்கும். இரைச்சல் ஒரு குணம் அல்ல. சகித்துக்கொள்ள வேண்டிய ஒரு தோஷம்.

உண்மையில் இது கரடுமுரடான சிருஷ்டியே அல்ல. தலைப்புப் பாட்டை முதலில் படர்க்கையில்தான் எழுதினார். 'அவன்' என்பதை அடித்து 'நான்' ஆக்கியது திருத்தத்தில் வந்தது. பதினொரு கொலைகளுக்குள் புகுந்து 'நான்' என்று சொல்வது எவ்வளவு பெரிய தீர்மானம் என்பது கதை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே சொற்களைப் பொறுத்தவரையில் இது மூன்றாவது, நாலாவது பிரதி. எதிரொலியும் அப்படித்தான். ஐம்பதுகளின் பழைய ராக் இசைத்தட்டுகளில் கேட்கிற எதிரொலியைத் தெரிந்தே பூசியிருக்கிறார். பத்துப் பாட்டும் ஒரே அறையில், ஒரே இரவில், ஒரே ஆள் சொல்வது போன்ற பிரமை அதனால்தான் வருகிறது. பதிவு நகல், எழுத்து நகல் அல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 'முதல் உந்துதலின் புனிதம்' பற்றிப் பேசுகிறவர்கள் இளம் எழுத்தாளர்களைக் கெடுக்கிறார்கள்.

அப்படியானால் பெரிய ஸ்டூடியோவில் எது வரமாட்டேன் என்றது?

இந்தப் பாட்டுகளைத் தொடர்ந்து கேட்டால் ஒரு சிறு சொல் காதில் திரும்பத் திரும்ப விழும். 'ஸார்' என்ற சொல். சில இடங்களில் 'மிஸ்டர்'. கொலைகாரன் சொல்கிறான், பழைய கார் வாங்கிய அப்பாவைப் பற்றிப் பேசுகிற பையன் சொல்கிறான், மலைமேல் பெரிய வீட்டை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் சொல்கிறான், கடைசிப் பாட்டில் கதை சொல்கிறவனும் சொல்கிறான். யார் இந்த ஸார்? ஓரிடத்தில் நீதிபதி, ஓரிடத்தில் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர். பெரும்பாலும் யார் என்றே தெரியாது. கூண்டில் நிற்கிறவன் "எஜமானே" என்று ஆரம்பிப்பானே, அந்தக் குரல். இவர்கள் பாடவில்லை, வாக்குமூலம் கொடுக்கிறார்கள். வாக்குமூலத்துக்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். ஒருவருக்கு மேல் கூடாது. அவர் மேல் அதிகாரத்தில் இருப்பவராகவும், வாய் திறக்காதவராகவும் இருக்கவேண்டும்.

படுக்கையறையில் இரண்டு மைக்கோடு சுழன்றுகொண்டிருந்த அந்தச் சின்ன யந்திரம் அந்த ஸாரின் இடத்தை நிரப்பியது என்று நான் நினைக்கிறேன். இருபது அடிக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாலு பேர் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிற ஸ்டூடியோவில் அதே மனிதர் அதே பாட்டைப் பாடினால் அது கச்சேரியாகிவிடும். குரல் சற்று எடுத்துக்கொண்டு விடும். காஸெட்டில் அவர் பெரும்பாலும் குரலை எடுக்கவில்லை. எடுக்கும் இடங்களில் முக்கியமானது: 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டில், அர்த்தமற்ற ஊளைகள். அவற்றைக் கேட்டு உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம், அதுவரை அந்தப் பாட்டில் யாரும் உரக்கப் பேசாததுதான்.

கோஷ்டி சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு நம் வில்லுப்பாட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். புலவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்கிறார்கள். கதை ஊருக்குச் சொந்தமாவது அந்த ஆமாவினால்தான். அது அந்தக் கலையின் பலம். ஆனால் பதினொரு பேரைக் கொன்றவன், தனக்கு வருத்தமில்லை என்று தணிந்த குரலில் சொல்லும்போது, பின்னாலிருந்து டிரம்மும் பியானோவும் "ஆமா" போட்டால்? அவன் பக்கம் ஆள் சேர்ந்துவிடுகிறது. தாளம் போடுகிறவன், போடுகிற காரணத்தினாலேயே, ஆமோதிக்கிறான். காஸெட்டில் அவனுக்குப் பின்பாட்டுப் பாடுவது அவன் எதிரொலி மட்டுமே. அவனை யாரும் கண்டிப்பதில்லை, யாரும் தேற்றுவதுமில்லை. அந்த வேலை முழுதும் கேட்கிற நம் தலையில் விழுகிறது.

இது வெறும் ஊகமாகவே இருந்துவந்தது. கோஷ்டியோடு பதிந்த பிரதிகள் இருக்கின்றனவா இல்லையா என்று ரசிகர்கள் பல வருஷம் சர்ச்சை செய்துகொண்டிருந்தார்கள். 2025 அக்டோபரில் அவை வெளியாகிவிட்டன. அதே மாதம் இந்தக் காஸெட்டின் கதையை ஸ்காட் கூப்பர் படமாகவும் எடுத்து வெளியிட்டார். ஆகவே இப்போது நகலையும் நல்ல பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிகிறது. எழுத்தாளர்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பு அபூர்வம்.

கேட்டதில், 'நெப்ராஸ்கா' பாட்டைப் பற்றி நான் மேலே சொன்னது அப்படியே நிற்கிறது. கூட வாசிப்பவர்கள் எவ்வளவு அடக்கமாக வாசித்தாலும், அவன் ஒரு கதாநாயகன் ஆகிவிடுகிறான், கொஞ்சம் பரிதாபத்துக்குரியவன்கூட. ஆனால் 'அட்லாண்டிக் சிட்டி' விஷயம் வேறு. கடன்பட்டவன் ஒருவன், கூட வா என்று தன் பெண்ணைக் கெஞ்சுகிற பாட்டு அது. சூதாட்ட ஊருக்குப் போய் எவனுக்கோ ஒரு தப்புக் காரியம் செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்கிறான். அவன் பேசுவது ஸாரிடம் அல்ல, காதலியிடம். தன்னையே ஏமாற்றிக்கொள்ள அவனுக்கு உற்சாகம் தேவை. டிரம் சேர்ந்தால் பாட்டுக்கு நஷ்டமில்லை, லாபம் என்றே சொல்லலாம். மேடைகளில் அந்தப் பாட்டு வருஷக்கணக்காகக் கோஷ்டியோடு நன்றாகவே நடந்துவந்திருக்கிறது என்பதும் இதற்குச் சாட்சி.

அதே காஸெட்டில் இன்னொரு பாட்டும் இருந்தது என்பதைச் சொன்னால் என் கட்சி இன்னும் தெளிவாகும். 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்ற பாட்டுதான் அது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பி, வேலை கிடைக்காமல், சிறைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் நடுவே அலைகிற சிப்பாயின் குறை. படுக்கையறையில் பதிந்த வடிவத்தை 1998-ல் ஒரு தொகுப்பில் வெளியிட்டார்கள். கேட்டால் இருட்டு அறையில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல இருக்கிறது. அதே 1982 வசந்தத்தில், மற்றப் பாட்டுகள் தோற்ற அதே ஸ்டூடியோவில், இந்தப் பாட்டு கோஷ்டியோடு பிய்த்துக்கொண்டு எழுந்தது. 1984-ல் வெளிவந்து உலகமெல்லாம் ஒலித்தது. பலர் அதைத் தேசபக்திப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் ஜனாதிபதி ரீகன்கூட நியூ ஜெர்சியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பாடகரின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். இதைக் காட்டி, "பாருங்கள், காஸெட் வடிவமே உண்மையானது, கோஷ்டி வடிவம் அர்த்தத்தைக் கெடுத்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சிப்பாய்க்கு ஒரு ஸார் போதாது. அவன் வழக்கு தேசத்தோடு. மைதானம் நிறைய ஆட்கள் இருந்தால்தான், அவர்கள் தப்பாகவே புரிந்துகொண்டாலும், அவன் கூச்சலுக்கு இலக்கு கிடைக்கிறது. காஸெட்டில் அந்தப் பாட்டு இன்னும் பிறக்கவில்லை. அங்கே அது நகல், முழு அர்த்தத்தில் நகல்.

தொகுப்பில் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. 'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்' பாட்டில் கனவு, காடு, பிரகாசிக்கும் வீடு என்று சின்னங்கள் சற்று அதிகமாகவே அடுக்கப்பட்டிருக்கின்றன; உபன்யாச வாசனை அடிக்கிறது. 'ஓப்பன் ஆல் நைட்' மின்சாரக் கிதாரோடு குதித்துக்கொண்டு வருகிறது. தனியாகக் கேட்டால் ஏதோ இடைச்செருகல் என்று தோன்றும். ஆனால் அதை 'ஸ்டேட் ட்ரூப்பர்' பாட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் அதன் பயன் தெரிகிறது. இரண்டிலும் ராத்திரி, நியூ ஜெர்சி நெடுஞ்சாலை, தனியாகக் கார் ஓட்டுகிற ஒருவன், காரில் ரேடியோ. சில வரிகள்கூட இரண்டுக்கும் பொது. ஒருவன் மனசில் என்ன குற்றம் இருக்கிறதோ, எதிரே போலீஸ்காரர் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறான். மற்றவன் தன் பெண்ணைப் பார்க்கப் போகிறான். ரேடியோவில் நல்ல பாட்டுப் போடச் சொல்லி நிலைய அறிவிப்பாளரை வேண்டிக்கொள்கிறான். ஒரே களத்தில் இரண்டு கதை எழுதி இரண்டையும் ஒரே புஸ்தகத்தில் சேர்க்கிற துணிச்சல் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. செத்துக் கிடக்கிற நாயைச் சாலையோரத்தில் ஒருவன் கழியால் குத்திக்கொண்டு நிற்கிறான், எழுந்துவிடும் என்கிற மாதிரி. விட்டுப்போன புருஷன் வருவான் என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் ஒருத்தி. மனிதர்கள் எதையாவது நம்பத்தான் செய்கிறார்கள் என்ற பல்லவியைக் கேட்டுவிட்டு, இருட்டுக்குப் பிறகு விடியல் என்று பலர் இதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. சொல்கிறவன் ஸாரிடம், இது வேடிக்கையாக இருக்கிறது என்றுதான் சொல்கிறான். நம்பிக்கை அவனுடையது அல்ல; அடுத்தவர்களுடையது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான்.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'ஹைவே பாட்ரோல்மன்' பாட்டில் ஆரம்பிக்கலாம். கதை நேராகப் போகிறது, பாஷையும் எளிது. பிறகு முதலிலிருந்து வரிசையாக, ராத்திரி, வீட்டில் மற்றவர்கள் தூங்கின பின். சொற்கள் முக்கியமாகையால் அச்சில் இருக்கும் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 2025-ல் வந்த கோஷ்டிப் பிரதிகளை அதற்கு ஒரு வாரம் கழித்து எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம்.